பெயரைச் சேர்க்கலாம், அழிக்கத்தான் உரிமை இல்லை

கேள்வி:

காரைக்காலில் பொறியியல் படித்து முடித்த நாங்கள் நாலு பேர் சேர்ந்து, விசைப்படகு வைத்திருப்பவர்களுக்காக மீன் ஏலக் கணக்குச் செயலி ஒன்றை எழுதி வருகிறோம். கடைசி ஆண்டு புராஜெக்டாகத் தொடங்கியது. இப்போது துறைமுகத்தில் சிலர் அன்றாடம் பயன்படுத்துகிறார்கள். படகின் பெயரையும் ஆட்களின் பெயரையும் தமிழ் அகரவரிசையில் அடுக்குவதற்காக ‘ஓப்பன்-தமிழ்’ நூலகத்திலிருந்து சில கோப்புகளை எடுத்து எங்கள் தேவைக்கு மாற்றிக்கொண்டோம். ரசீது அச்சடிக்கும் பகுதி அப்பாச்சி உரிமத்தில் கிடைத்த இன்னொருவரின் நிரல். எங்களில் மூத்தவரான அண்ணன், “பார்க்கச் சுத்தமாக இருக்கட்டும்” என்று எல்லாக் கோப்புகளின் தலையிலும் இருந்த ஆங்கிலப் பத்திகளை எடுத்துவிட்டு எங்கள் குழுவின் பெயரைப் போட்டுவிட்டார். பாதிக்கு மேல் நாம்தானே மாற்றி எழுதினோம் என்பது அவர் வாதம்.

பாரிஸில் இருக்கும் என் அத்தை மகன், தான் வேலை பார்க்கும் நிறுவனத்தில் இந்தச் செயலியைக் காட்டியிருக்கிறார். அவர்கள் கேட்ட முதல் கேள்வியே, “இதில் எந்தப் பகுதி யாருடையது, என்ன உரிமம்?” என்பதுதான். எங்களிடம் பதில் இல்லை. எடுத்த பத்திகளைத் திருப்பி வைக்க வேண்டுமா? எங்கள் பெயரை எங்கே போடுவது? என் பெயரா, நாலு பேர் பெயருமா, கல்லூரியின் பெயரா? ஆண்டு எது? ஒவ்வொரு கோப்பிலும் முழு உரிமத்தையும் ஒட்ட வேண்டுமா? இதையெல்லாம் தமிழில் எழுதலாமா? விளக்குங்கள் ஐயா.

— ஒரு வாசகர், காரைக்கால்

பதில்:

முதலில் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். எடுத்த பத்திகளை இன்றே திருப்பி வையுங்கள். உங்கள் கிட் வரலாற்றில் பழைய பதிப்பு இருக்கும். இல்லாவிட்டால் மூல ரெப்போவிலிருந்து எழுத்துப் பிசகாமல் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் குழுவின் பெயரை நீக்க வேண்டியதில்லை. அது பழைய வரிக்குக் கீழே தனி வரியாக இருக்கட்டும். மற்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

அந்தப் பத்தியில் இருப்பது இரண்டு செய்தி

அண்ணன் ஒரே பத்தி என்று நினைத்து நீக்கியதில் இரண்டு வேறு செய்திகள் இருந்தன. ஒன்று பதிப்புரிமை அறிவிப்பு: இதை எழுதியவர் அல்லது இதன் உரிமையாளர் யார். மற்றது உரிமக் குறிப்பு: இதை வைத்து மற்றவர்கள் என்ன செய்யலாம்.

முதல் வரி இல்லாவிட்டாலும் சட்டப்படி பதிப்புரிமை உண்டு. பெர்ன் உடன்படிக்கையில் இந்தியா 1928 முதல் இருக்கிறது. படைப்பு உருவானதுமே உரிமை பிறந்துவிடும், பதிவோ அறிவிப்போ வேண்டாம் என்பதே அதன் அடிப்படை. நம் 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல் 1984 திருத்தத்தின் மூலம் நுழைந்தது. இலக்கியப் படைப்புக்கு உள்ள பாதுகாப்பே அதற்கும் உண்டு. அப்படியானால் வட்டத்துக்குள் சி எழுத்து, ஆண்டு, பெயர் என்ற இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலிருந்து. 1989 மார்ச் 1 அன்று அந்த நாடு பெர்ன் உடன்படிக்கையில் சேரும்வரை, அறிவிப்பு இல்லாமல் வெளியிட்ட படைப்பு பொதுச்சொத்தாகிவிடும் ஆபத்து அங்கே இருந்தது. நிரல் எழுதும் பழக்கங்கள் பலவும் அங்கே உருவானவை என்பதால் அந்த வரியும் கூடவே வந்துவிட்டது. ‘ஆல் ரைட்ஸ் ரிசர்வ்ட்’ என்பது அதற்கும் பழையது. 1910 இல் புவெனஸ் ஐரிஸில் அமெரிக்கக் கண்டத்து நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையின் மிச்சம் அது. உங்கள் கோப்புகளில் அதற்கு வேலையே இல்லை. தாராளமாக அனுமதி தரும் உரிமத்தின் பக்கத்தில் ‘எல்லா உரிமையும் எனக்கே’ என்று எழுதினால் படிப்பவர் குழம்புவார்.

இரண்டாவது வரியின் கதை இதற்கு நேர் எதிர். உரிமக் குறிப்பு இல்லை என்றால் அனுமதி இல்லை. கிட்ஹப்பில் எல்லோர் கண்ணிலும் படும்படி கிடக்கிறது என்பதற்காக ஒரு நிரல் எல்லோருக்கும் சொந்தமாகிவிடாது. ஓப்பன்-தமிழ் நூலகத்தை நீங்கள் எடுத்துக்கொள்ள முடிந்ததே அதன் எம்ஐடி உரிமம் அனுமதித்ததால்தான். அந்த அனுமதியில் ஒரு நிபந்தனையும் இருக்கிறது. அண்ணன் நீக்கியது அதைத்தான்.

ஒவ்வோர் உரிமமும் கேட்பது

எம்ஐடி மிகச் சிறிய உரிமம். விற்கலாம், மாற்றலாம், மூடிய மென்பொருளில் சேர்க்கலாம். பதிலுக்குக் கேட்பது ஒன்றே ஒன்று: பதிப்புரிமை அறிவிப்பும் அனுமதி அறிவிப்பும் எல்லா நகல்களிலும், கணிசமான பகுதிகளிலும் இருக்க வேண்டும். பிஎஸ்டி உரிமங்களும் இதையே கேட்கின்றன. மூல நிரலாகக் கொடுத்தால் அதிலேயே இருக்கட்டும், இயங்கும் வடிவில் கொடுத்தால் கூட வரும் ஆவணத்தில் இருக்கட்டும் என்று பிரித்துச் சொல்கின்றன.

2004 இல் வந்த அப்பாச்சி 2.0 இன்னும் விரிவாகப் பேசுகிறது. உரிமத்தின் நகலைக் கொடுக்க வேண்டும். பதிப்புரிமை, காப்புரிமை, வணிகக்குறி அறிவிப்புகளை மூல நிரலில் அப்படியே வைத்திருக்க வேண்டும். மாற்றிய கோப்பில் ‘இது மாற்றப்பட்டது’ என்று கண்ணில் படும்படி எழுத வேண்டும். ‘நோட்டீஸ்’ என்ற பெயரில் ஒரு கோப்பு கூட வந்திருந்தால் அதில் உள்ள பெயர்களையும் தூக்கிக்கொண்டு வர வேண்டும். உங்கள் ரசீதுப் பகுதியின் ரெப்போவில் அப்படி ஒரு கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பலரும் தவறவிடுவது இதைத்தான்.

ஜிபிஎல் இன்னொரு வகை. உங்கள் செயலியில் அது இல்லை என்றாலும், நாளைக்கு ஏதாவது ஒரு நூலகம் வழியாக வந்து சேரலாம். அங்கே கோப்பின் தலையில் உள்ள வரிதான் ஒரு முக்கியமான செய்தியைச் சொல்கிறது. ரெப்போவில் கிடக்கும் உரிமக் கோப்பில் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் முழு வாசகம் இருக்கும். ஆனால் ‘இரண்டாம் பதிப்பு மட்டும்’ என்கிறாரா, ‘இரண்டு அல்லது அதற்குப் பிந்தையது’ என்கிறாரா என்பது எழுதியவர் தலைக்குறிப்பில் சொன்னால்தான் தெரியும். லினக்ஸ் கெர்னல் ‘மட்டும்’ வகை. அந்த ஒரு சொல்லை அழித்துவிட்டால், மூன்றாம் பதிப்பு நிரலோடு இதைச் சேர்க்கலாமா கூடாதா என்பதற்குப் பதில் சொல்ல ஆளில்லாமல் போகும். எம்பிஎல் 2.0 உரிமம் கோப்புக் கோப்பாகவே பொருந்துவது. எந்தக் கோப்பு அதற்குள் வருகிறது என்பதைக் காட்டுவதே தலைக்குறிப்புதான்.

பெயரை நீக்கிய வழக்கு

“இதற்கெல்லாம் யார் கோர்ட்டுக்குப் போகப்போகிறார்கள்?” என்று அண்ணன் கேட்கக்கூடும். போயிருக்கிறார்கள். அதுவும் பொம்மை ரயிலுக்காக.

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ராபர்ட் ஜேகப்சன், மாதிரி ரயில்களைக் கணினியால் இயக்கும் ஜேஎம்ஆர்ஐ என்ற திறந்த மூல மென்பொருளின் பின்னால் இருந்தவர். போட்டி நிறுவனம் நடத்திய மேத்யூ கேட்ஸர் அந்தத் திட்டத்தின் கோப்புகள் சிலவற்றைத் தன் விற்பனை மென்பொருளில் எடுத்துக்கொண்டார். எழுதியவர்கள் பெயர், பதிப்புரிமை அறிவிப்பு, உரிமக் கோப்பு பற்றிய குறிப்பு, எங்கிருந்து எடுத்தது, என்ன மாற்றியது என எதுவும் அதில் இல்லை. எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்ததற்கு என்ன இழப்பு, மீறப்பட்டது வெறும் ஒப்பந்தம்தானே என்பதே விவாதம். 2008 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பெயரைக் காப்பது அனுமதிக்கான நிபந்தனை. நிபந்தனை போனால் அனுமதியும் போயிற்று, மிஞ்சுவது பதிப்புரிமை மீறல். காசு வாங்கவில்லை என்பதால் பொருளியல் பயன் இல்லை என்று ஆகிவிடாது என்பதையும் நீதிமன்றம் ஏற்றது. 2010 இல் வழக்கு சமரசமாக முடிந்தபோது கேட்ஸர் தரப்பு ஒரு லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது.

பாரிஸ் நிறுவனம் ஏன் முதலிலேயே இந்தக் கேள்வியைக் கேட்டது என்பதும் புரிந்துகொள்ளக்கூடியதே. ஜிபிஎல் நிரல் ஒன்றை உரிமத்துக்குப் பொருந்தாத வகையில் பயன்படுத்தியதற்காக, ஆந்த்ருவேர் என்ற சிறு நிறுவனம் தொடுத்த வழக்கில், பிரான்சின் பெரிய தொலைபேசி நிறுவனமான ஆரஞ்ச் பல லட்சம் யூரோ தர வேண்டும் என்று பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 பிப்ரவரி 14 அன்று தீர்ப்பளித்தது. அந்த நாட்டில் மென்பொருள் வாங்குகிறவர் உரிமப் பட்டியல் கேட்பது வெறும் சம்பிரதாயம் இல்லை.

இனி நம் நாட்டுச் சட்டம். காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் என்பதால் இங்கே வேறு சட்டமோ என்ற ஐயம் வேண்டாம். புதுச்சேரி ஒன்றியப் பகுதி முழுவதற்கும் பொருந்துவது 1957 ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டமே. 2012 இல் அதில் 65பி பிரிவைச் சேர்த்தார்கள். மின்னணுச் சான்று பற்றிப் பேசிய பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி வேறு, இது வேறு. உரிமை மேலாண்மைத் தகவலை அதிகாரமில்லாமல் தெரிந்தே நீக்கினாலோ மாற்றினாலோ இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு என்கிறது இந்தப் பிரிவு. அந்தத் தகவல் எது என்று சட்டமே வரையறுக்கிறது: படைப்பின் தலைப்பு, ஆக்கியவர் பெயர், உரிமையாளர் பெயரும் முகவரியும், பயன்படுத்துவதற்கான நிபந்தனைகள். உங்கள் கோப்பின் தலையில் இருந்தவற்றோடு இந்தப் பட்டியலை ஒப்பிட்டுப் பாருங்கள். கூடவே 57 ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும் ‘இதை ஆக்கியவன் நான்’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை ஆக்கியவரிடமே விட்டுவைக்கிறது.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ‘தெரிந்தே’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அண்ணன் அறியாமல் செய்தார். இதைப் படித்த பிறகும் அப்படியே விட்டால்தான் ‘தெரியாது’ என்று சொல்ல வழியில்லாமல் போகும்.

பாதிக்கு மேல் மாற்றிவிட்டோமே?

நன்னூல் படித்த தலைமுறைக்கு இதற்கு விடை தெரியும். ஒரு நூலின் பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும் என்று அது வகுக்கிறது. ஆக்கியோன் பெயருக்கு அடுத்தபடியாகவே அது கேட்பது ‘வழி’, அதாவது இந்த நூல் எதிலிருந்து வந்தது என்பது. முதல்நூலைப் பின்பற்றிச் சில இடங்களில் வேறுபட எழுதினால் அது வழிநூல். எவ்வளவு வேறுபட்டாலும் முதல்நூலாகிவிடாது. நிரலுக்கும் இதே கணக்குதான். பாதியை மாற்றினால் மாற்றிய பாதி உங்களுடையது, மீதி அவருடையது. எழுபது விழுக்காடு, எண்பது விழுக்காடு என்று எல்லைக்கோடு எதுவும் சட்டத்தில் இல்லை. பழைய வரி ஒன்றுகூட மிஞ்சாமல், பழைய அமைப்பையும் பின்பற்றாமல் புதிதாக எழுதினால் மட்டுமே பழைய பெயரை விடலாம். அதை நிரூபிக்கப் பாடுபடுவதைவிட ஒரு வரியை வைத்திருப்பது எளிது.

எம்ஐடி கோப்பை எங்கள் செயலியோடு சேர்த்து ஜிபிஎல்லாக வெளியிடலாமா என்ற கேள்வியும் அடுத்து வரும். வெளியிடலாம். ஆனால் அந்தக் கோப்பின் பழைய அறிவிப்பும் எம்ஐடி வாசகமும் அப்படியே இருக்கும். உங்கள் மாற்றங்களுக்கான உரிமம் அதன் கீழே தனியாக வரும். 2007 இல் ஓப்பன்பிஎஸ்டி வழி வந்த வயர்லெஸ் டிரைவர் ஒன்றை லினக்சுக்குக் கொண்டுபோக முயன்றபோது, பழைய உரிமத்தை எடுத்துவிட்டு ஜிபிஎல் போடும் திருத்தம் ஒன்று முன்வைக்கப்பட்டுப் பெரிய சண்டை மூண்டது. அந்த ஆண்டே சாஃப்ட்வேர் ஃப்ரீடம் லா சென்டர் நிரலாளர்களுக்கு வழிகாட்டிக் குறிப்பு வெளியிட வேண்டியதாயிற்று. அதன் சாரம் நான் முதலில் சொன்னதுதான்: பழையதைக் காப்பாற்று, புதியதைப் பக்கத்தில் சேர்.

யார் பெயரைப் போடுவது?

கல்லூரி புராஜெக்ட் என்பதால் கல்லூரிக்குச் சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டத்தின் 17 ஆம் பிரிவுப்படி, வேலை ஒப்பந்தத்தின் கீழ்ச் சம்பளத்துக்குப் பணிபுரியும் ஊழியர் தன் வேலையின் பகுதியாக எழுதியதற்கே முதலாளி முதல் உரிமையாளர். மாணவர் ஊழியர் இல்லை. ஆனால் சேரும்போதோ புராஜெக்ட் தொடங்கும்போதோ கல்லூரியின் அறிவுச்சொத்துக் கொள்கையை ஏற்று எதிலாவது கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். போட்டிருந்தால் அதில் உள்ளபடி. போடவில்லை என்றால் எழுதிய நாலு பேருமே உரிமையாளர்கள்.

நாளைக்கு நீங்கள் ஒரு நிறுவனம் தொடங்கி, வெளியாள் ஒருவரிடம் காசு கொடுத்து ஒரு பகுதியை எழுதி வாங்கினால் கதை வேறு. அவர் உங்கள் ஊழியர் இல்லை என்பதால் நிரல் அவருடையதுதான். எழுத்து மூலம் உரிமையை மாற்றித் தந்தால்தான் உங்களுடையதாகும். அந்த ஒப்பந்தத்தில் காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு மட்டுமே செல்லும், எல்லை சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும் என்கிறது 19 ஆம் பிரிவு. பாரிஸுக்கு விற்க நினைக்கும் உங்களுக்கு இந்த இரண்டும் முக்கியம்.

நாலு பெயரையும் ஒவ்வொரு கோப்பிலும் எழுதுவது தப்பில்லை. ஆனால் ஐந்தாவது ஆள் வந்ததும் ஐம்பது கோப்பைத் திருத்த வேண்டியிருக்கும். பெரிய திட்டங்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன. மும்பையின் ஃப்ராப்பே நிறுவனம் உருவாக்கிய இஆர்பிநெக்ஸ்ட் கோப்புகளைத் திறந்தால், நிறுவனத்தின் பெயருக்குப் பக்கத்தில் ‘மற்றும் பங்களித்தோர்’ என்று இருக்கும். அடுத்த வரியில் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு, முழு வாசகம் இந்தக் கோப்பில் என்று இருக்கும். மொத்தமே இரண்டு வரிதான். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரன் என்ற தமிழ் எழுத்துருவை கூகுள் ஃபான்ட்ஸில் பார்த்திருப்பீர்கள். அங்கே உள்ள எழுத்துருக்களில் தனிப்பெயருக்குப் பதிலாக ‘இன்ன திட்டத்தின் ஆசிரியர்கள்’ என்று போடுவது வழக்கம். நீங்களும் ‘மீன் ஏலக் கணக்குத் திட்டத்தின் ஆசிரியர்கள்’ என்று போட்டுவிட்டு, ‘ஆத்தர்ஸ்’ என்ற ஒரே கோப்பில் நாலு பேர் பெயரையும் எழுதி வைக்கலாம். எந்த வரியை யார் எழுதினார் என்பதை கிட் பார்த்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. ஓப்பன்-தமிழ் கோப்பில் நீங்கள் ஒரு எழுத்துப்பிழையை மட்டும் திருத்தியிருந்தால் அதற்காக உங்கள் பெயரைச் சேர்க்காதீர்கள். படைப்பு என்று சொல்லும் அளவுக்கு எழுதியிருந்தால் மட்டும் சேருங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதிக்கொடுத்த பகுதிக்கும் இதே கவனம் வேண்டும். அது பயின்ற நிரலின் துண்டைத் தலைக்குறிப்பு இல்லாமல் தந்துவிடுகிறது என்பதே 2022 நவம்பரில் கிட்ஹப் கோபைலட்டுக்கு எதிராகத் தொடுக்கப்பட்ட வழக்கின் புகார்களில் ஒன்று. கருவி தந்த நீளமான பகுதியை இணையத்தில் ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டு உங்கள் பெயரைப் போடுங்கள்.

ஆண்டு எது?

முதலில் வெளியிட்ட ஆண்டு. அதோடு முடிந்தது. ஜனவரி பிறந்ததும் எல்லாக் கோப்பிலும் ஆண்டை மாற்றி ஒரு பெரிய கமிட் போடும் வழக்கம் பல திட்டங்களில் உண்டு. அதனால் எந்த உரிமையும் கூடுவதில்லை. இந்தியாவில் ஒருவர் எழுதியதற்கான பதிப்புரிமை அவர் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டும் நீடிக்கிறது. கோப்பில் உள்ள ஆண்டு அந்தக் கணக்கை மாற்றாது. உலகமெங்கும் பயன்படும் கர்ல் மென்பொருளைப் பராமரிக்கும் டேனியல் ஸ்டென்பெர்க் 2023 ஜனவரியில் தன் கோப்புகளிலிருந்து ஆண்டுகளையே எடுத்துவிட்டார். அவர் எடுத்தது தன் திட்டத்தின் அறிவிப்பில். அடுத்தவர் வரியில் உள்ள ஆண்டை நீங்கள் தொடக்கூடாது.

முழு உரிமத்தையும் ஒட்ட வேண்டுமா?

வேண்டாம். ஒரு காலத்தில் ஒட்டினார்கள். ஜிபிஎல் தலைக்குறிப்பின் முடிவில் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் பாஸ்டன் முகவரியும் இருக்கும். அந்த அமைப்பு 2005 இல் டெம்பிள் பிளேஸிலிருந்து ஃபிராங்க்ளின் தெருவுக்குப் போனது, 2024 இல் அந்த அலுவலகத்தையும் காலி செய்தது. ஆயிரக்கணக்கான கோப்புகளில் இன்னும் ஆளில்லாத முகவரி இருக்கிறது.

இதற்கு மாற்றாக வந்தது எஸ்பிடிஎக்ஸ் குறியீடு. லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் 2010 இல் தொடங்கிய இந்த முயற்சி 2021 இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. ஒவ்வோர் உரிமத்துக்கும் ஒரு குறும்பெயர் உண்டு, அதை ஒரே வரியில் எழுதினால் போதும். 2017 நவம்பரில் வந்த லினக்ஸ் 4.14 இல், எந்த உரிமக் குறிப்பும் இல்லாமல் கிடந்த 11,000க்கும் மேற்பட்ட கோப்புகளுக்கு ஒரே வீச்சில் இந்த வரியைச் சேர்த்தார்கள். அவ்வளவு பெரிய திட்டத்திலேயே அத்தனை கோப்புகள் குறிப்பில்லாமல் இருந்தன என்றால், உங்கள் அண்ணனை ரொம்பவும் கடிந்துகொள்ள வேண்டாம்.

நீங்களே எழுதிய கோப்பின் தலையில் வர வேண்டியது இவ்வளவுதான் (ரெப்போவில் குறிச்சொற்களையும் உரிமப் பெயரையும் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள்):

எஸ்பிடிஎக்ஸ்-ஃபைல்காப்பிரைட்டெக்ஸ்ட்: 2025 மீன் ஏலக் கணக்குத் திட்டத்தின் ஆசிரியர்கள்
எஸ்பிடிஎக்ஸ்-லைசன்ஸ்-ஐடென்டிஃபையர்: எம்ஐடி

ஆண்டு உங்கள் முதல் வெளியீட்டின் ஆண்டாக இருக்கட்டும். ஐரோப்பாவின் எஃப்எஸ்எஃப்இ அமைப்பு வகுத்த ‘ரியூஸ்’ முறை இதையே ஒழுங்குபடுத்துகிறது. ‘லைசன்சஸ்’ என்ற கோப்புறையில் உரிமங்களின் முழு வாசகம் இருக்கும். படம், ஜேசன் போன்று குறிப்பு எழுத இடமில்லாத கோப்புக்குப் பக்கத்தில் அதே பெயரில் ‘.லைசன்ஸ்’ என முடியும் சிறு கோப்பு ஒன்று இருக்கும். விடுபட்டது எது என்று காட்ட இலவசக் கருவியும் உண்டு. வெளியிலிருந்து எடுத்த கோப்புகளில் இந்த இரண்டு வரியைச் சேர்க்கலாம், ஆனால் பழைய பத்தியை அகற்றிவிட்டு இதை வைக்காதீர்கள். கெர்னல்காரர்கள் பழைய பத்திகளை அகற்றினார்கள் என்றால், அதை உரிமையாளர்கள் கண்முன்னே, பொதுவில் விவாதித்துச் செய்தார்கள்.

இன்னும் ஒன்று, பலரும் மறப்பது. துறைமுகத்தில் உங்கள் செயலியை நிறுவிக்கொள்ளும் படகுக்காரர் மூலக் கோப்பைத் திறந்து பார்ப்பதில்லை. அவர் கைக்குப் போவது தொகுக்கப்பட்ட ஏபிகே. அதற்குள் தலைக்குறிப்பு எதுவும் இருக்காது. எம்ஐடி கேட்பதோ எல்லா நகல்களிலும். ஆகவே செயலியின் ‘பற்றி’ பக்கத்தில் ‘பயன்படுத்திய திறந்த மூல நிரல்கள்’ என்று ஒரு பகுதி வைத்து, ஒவ்வொன்றின் அறிவிப்பையும் உரிமத்தையும் அங்கே காட்டுங்கள். உங்கள் கைபேசியின் அமைப்புகளில் ‘உரிமங்கள்’ என்று ஒரு பக்கம் இருப்பது இதற்குத்தான். தமிழ் எழுத்துரு சேர்த்திருந்தால் அதன் ஓஎஃப்எல் உரிமமும் அங்கே வர வேண்டும். வலைப் பகுதியில் ஜாவாஸ்கிரிப்ட்டைச் சுருக்கும்போது, ஆச்சரியக்குறியோடு தொடங்கும் குறிப்புகளைப் பொதுவாகக் கருவிகள் விட்டுவைக்கும். உரிமக் குறிப்பை அந்த வடிவில் எழுதுங்கள்.

தமிழில் எழுதலாமா?

பதிப்புரிமை வரியைத் தமிழில் எழுதத் தடை இல்லை. கோப்பு யுடிஎஃப்-8 ஆக இருந்தால் போதும். எஸ்பிடிஎக்ஸ் குறிச்சொல் மட்டும் கருவிகள் படிப்பதற்கானது, ஆகவே ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். உரிமத்தின் வாசகத்தையும் மொழிபெயர்த்து வைக்காதீர்கள். ஜிபிஎல்லுக்கு ஆங்கில மூலமே அதிகாரபூர்வமானது. மொழிபெயர்ப்பு புரிந்துகொள்ள மட்டுமே. விதிவிலக்கு ஒன்று உங்கள் அத்தை மகனுக்குத் தெரிந்திருக்கலாம்: பிரான்சின் மூன்று ஆய்வு நிறுவனங்கள் 2004 இல் வெளியிட்ட செசில் உரிமத்துக்குப் பிரெஞ்சு, ஆங்கிலம் என இரண்டு வாசகமும் சம அதிகாரம் உடையவை. அங்கிருந்து அந்த உரிமத்தில் ஒரு நிரல் வந்தால் திகைக்க வேண்டாம்.

தலைக்குறிப்பைக் காக்கச் சொல்லும் வழக்கம் தமிழ்க் கணிமைக்குப் புதிதும் இல்லை. 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்னுரையாக்கி இலவசமாக வழங்குகிறது. அது நகலெடுப்பவரிடம் கேட்பது, தலைப்பக்கம் சிதையாமல் இருக்கட்டும் என்பது மட்டுமே. சங்க நூலுக்கும் திருமுறைக்கும் இன்று யாரும் பதிப்புரிமை கோர முடியாது. ஆனால் யார் தட்டச்சு செய்தார், யார் மெய்ப்புப் பார்த்தார் என்பது அந்தப் பக்கத்தில் இருக்கிறது. அதை வெட்டிவிட்டு உரையை மட்டும் எடுத்தவர், அதில் ஒரு பாடபேதத்தைக் கண்டால் யாரிடம் போய்க் கேட்பார்? உங்கள் செயலியிலும் ஒரு பெயர் அகரவரிசையில் தவறிய இடத்தில் வந்தால், பிழை நீங்கள் மாற்றியதிலா, மூல நூலகத்திலா என்று தேட உதவுவது அந்த வரிதான். மூலத்தில் அது ஏற்கெனவே திருத்தப்பட்டிருக்கவும் கூடும்.

இனி என்ன செய்வது?

மீட்டெடுத்த அறிவிப்புகளை ஒரே கமிட்டாகப் போடுங்கள். ‘தவறுதலாக நீக்கிய பதிப்புரிமை, உரிம அறிவிப்புகள் மீட்கப்பட்டன’ என்று வெளிப்படையாக எழுதுங்கள். பழைய கமிட்டை வரலாற்றிலிருந்து அழிக்க முயலாதீர்கள். தவறும் திருத்தமும் தேதியோடு இருப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு. மாற்றிய அப்பாச்சி கோப்புகளில் மாற்றக் குறிப்பைச் சேருங்கள். பிறகு ‘பற்றி’ பக்கத்தோடு புதிய பதிப்பை வெளியிட்டு, பழையதை இறக்கிக்கொள்ள வழியில்லாமல் செய்யுங்கள். ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு, முதல் முறை தவறியவர் அறிவிப்பு வந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமை முழுதாகத் திரும்பும் என்று எழுத்திலேயே சொல்கிறது. எம்ஐடியில் அப்படி ஒரு வாசகம் இல்லை. ஆனால் கேட்பதற்கு முன்பே திருத்திக்கொண்டவரோடு சண்டைக்கு நிற்பவர்கள் அரிது.

அடுத்து பாரிஸுக்கு ஒரு பட்டியல் அனுப்புங்கள்: கூறின் பெயர், பதிப்பு, எங்கிருந்து எடுத்தது, உரிமம், நாம் மாற்றினோமா என ஐந்து நெடுவரிசை போதும். மென்பொருளின் உட்கூறுகளைப் பட்டியலிடுவது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 ஆம் ஆண்டு சைபர் ரெசிலியன்ஸ் சட்டத்தில் கட்டாயமாகியிருக்கிறது, அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வருகின்றன. நம் நாட்டின் செர்ட்-இன் அமைப்பும் 2024 அக்டோபரில் இதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டிருக்கிறது. இப்போது பழகிக்கொண்டால் பின்னால் யாராவது கேட்கும்போது ஓட வேண்டாம். நீக்கியதையும் மீட்டதையும் அந்த மடலிலேயே மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவர்கள் ரெப்போவைத் திறந்தால் எப்படியும் தெரிந்துவிடும்.